டைட் எண்டுக்கு ஒரு மாற்று ஆள்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் உயரமான ஆண்களைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு சப்பாத்துக் கடையில் எனக்கு வேலை. வாசலில் யாராவது தலையைக் குனிந்து நுழைந்தால் என் கண் முதலில் அவருடைய தோளுக்குப் போகும், பிறகு கைக்குப் போகும், கடைசியாகத்தான் காலுக்கு வரும். பஸ்ஸிலும் அப்படித்தான். தைப்பூசத்தன்று கோயிலில் சாமி தூக்குகிறவர்களையே பார்த்து நின்றதில் சாமி என்னைக் கடந்துபோனது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் அக்கா முழங்கையால் இடித்தாள்.

"என்னடி அப்பிடிப் பாக்கிறாய்? ஆக்கள் பிழையா நினைக்கப்போகினம்."

அவளுக்கு எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? என் கணவர் விளையாடும் அணிக்கு ஒரு மாற்று டைட் எண்ட் வேண்டியிருந்தது. அணி தேடியது, கிடைக்கவில்லை. அதனால் நானும் தேட இறங்கியிருந்தேன்.

என் கணவர் மலேசியத் தமிழர். ஈப்போவுக்குப் பக்கத்தில் பிறந்து, படிக்க வந்து, லண்டனிலேயே வேலையெடுத்துத் தங்கிவிட்டவர். லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருந்தார். படித்த காலத்தில் அவருடைய உடம்பைக் கண்ட யாரோ அவரை மைதானத்துக்கு இழுத்துப்போய்த் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அமெரிக்கன் ஃபுட்போல் அவரை விடவில்லை. எங்கள் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய இடது கண்ணுக்குக் கீழே ஒரு நீலம் இருக்கும். இலங்கைக்காரரான எங்கள் வீட்டில் மாப்பிள்ளை மலேசியாக்காரர் என்பதை ஒருமாதிரி ஏற்றுக்கொண்டார்கள். அந்த நீலத்துக்கு என்ன காரணம் சொல்வது என்றுதான் அம்மா கடைசிவரை திண்டாடினார்.

அந்த விளையாட்டை நான் விளங்கிக்கொண்ட அளவுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்கிற கனத்த ஆட்களுக்கு வேலை, எதிரில் நிற்பவரை முட்டித் தடுப்பது. தூரத்தில் நிற்கிற மெல்லிய ஆட்களுக்கு வேலை, ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பது. வரிசையின் ஓரத்தில், இந்த இரண்டு வகையிலும் சேராமல் ஒருவர் நிற்பார். ஒருமுறை முட்ட வேண்டும், அடுத்தமுறை முட்டுவது போலப் போக்குக்காட்டிவிட்டு ஓட வேண்டும். அவர்தான் டைட் எண்ட். முட்டுகிறவர்களுடைய அடியும் அவருக்குத்தான், ஓடுகிறவர்களுடைய அடியும் அவருக்குத்தான். பார்க்க வருகிறவர்களுக்கோ அவருடைய பெயர்கூடத் தெரியாது.

அணி என்று பெரிதாகச் சொன்னாலும் எல்லோரும் வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள். பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், குழாய் திருத்துகிறவர் என்று பலவிதம். வால்தம்ஸ்டோவுக்குக் கீழே லீ ஆற்றோரத்துச் சதுப்பு வெளியில் ஒரு மைதானம். ஜனவரியில் பயிற்சி தொடங்கும், ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை ஆட்டங்கள். பயிற்சியாளர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர். அவருடைய பெற்றோர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். சனி ஞாயிறில் அந்தச் சேற்றில் நின்று கத்துவதற்காகவே மற்ற நாட்களில் வாய் திறக்காமல் இருப்பவர் போலத் தோன்றும்.

முதல் அடியை நான் பார்க்கவில்லை. ஓகஸ்டில், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், பந்தோடு விழும்போது யாருடையவோ முழங்கால் ஹெல்மெட்டில் பட்டதாம். வீட்டுக்கு வந்தவர் கேத்திலைத் தண்ணீர் இல்லாமல் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

"ஞாயிறு."

தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் சிரிக்கவில்லை, எதற்காகச் சிரிக்கிறோம் என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தன.

இரண்டாவது அடி ஜனவரியில், பயிற்சியின்போது. அன்று அவரைக் கூட்டிவர நான்தான் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். லீ பிரிட்ஜ் ரோட்டில் சிக்னலுக்காக நின்றபோது கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். பிறகு நிமிர்ந்து, "நாம எங்க போறோம்?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். "எந்த வீடு?" என்றார். வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

அங்கே எங்களைப் பார்த்த டொக்டர் சின்னப் பெண். என்னைவிட வயது குறைவாக இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தக்கசிவு இல்லை என்றாள். இனி விளையாட வேண்டாம் என்றாள். விளையாடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியாது" என்று நேராகச் சொன்னாள். "இன்னொரு அடி பட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அது எனக்குத் தெரியாது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்."

மறுநாள் காலை அவர் தெளிவாக இருந்தார். திரைச்சீலையை மட்டும் இழுத்து மூடச் சொன்னார், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். அந்த மங்கலில் காலைச் சாப்பாட்டுக்குப் பாணை வெட்டிக்கொண்டே நான் பேச்சைத் தொடங்கினேன்.

"விடுங்கோ. விளையாடினது காணும்."

"எப்படி லா விடுறது? என் இடத்துல நிக்க வேற ஆளே இல்ல. சீசன் தொடங்குற நேரத்துல கைய விரிச்சா டீமே நின்னுடும்."

"ஆள் கிடைச்சால்?"

"கிடைக்காது. ரெண்டு வருசமா தேடுறாங்க."

"கிடைச்சால் எண்டு கேக்கிறன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கிடைச்சா நிறுத்திடறேன். ஒரு பேக்கப் வந்துட்டா நான் ஏன் லா அடி வாங்கணும்? சத்தியமா நிறுத்திடறேன்."

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போய்ப் பயிற்சியாளரைப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைக் கொடுத்தபோது வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நனைந்தபடியே பேசினார். என் கணவரை ஆடாமல் உட்காரச் சொல்லித் தானும் பலமுறை கேட்டதாகச் சொன்னார். "அவன் என் பேச்சைக் கேட்பதில்லை. வேறு ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு ஆள் இருந்தால் அவனைக் கேட்காமலே உட்காரவைத்துவிடுவேன்." உடற்பயிற்சிக் கூடங்களில், கல்லூரிகளில், ரக்பி கிளப்புகளில் எல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பந்தை வீசுகிறவராக இருக்க ஆசைப்பட்டார்கள், அல்லது ஓடிப் பிடிக்கிறவராக. ஓரத்தில் குனிந்து நிற்கிற வேலையைச் சொன்னதும் முகம் மாறிவிடும். அதிலும் முதல் ஆளுக்கு மாற்றாக, ஒருவேளை விளையாடாமலே திரும்பிப்போக, அந்தக் குளிரில் யார் வருவார்கள்?

அப்படித்தான் நான் கடையில் நின்று உயரம் பார்க்கத் தொடங்கினேன். பெரிய அளவுச் சப்பாத்துகள் பின்பக்க அறையில்தான் இருக்கும். யாராவது பன்னிரண்டோ பதின்மூன்றோ கேட்டால் மற்றப் பெண்களை முந்திக்கொண்டு நானே எடுத்துவரப் போவேன். நைஜீரிய மாணவர் ஒருவர் சம்மதித்தார். ஒருநாள் வந்தார், பனி உறைந்த தரையில் ஒருதடவை விழுந்தார், எழுந்து பண்பாக எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிளப் வாசலில் காவல் நிற்கிற ஒருவர் சம்பளம் உண்டா என்று கேட்டுவிட்டு அதோடு சரி. ரயிலில் கண்ட ஒரு நெடிய மனிதரிடம் நான் பேச்சுக் கொடுத்தபோது அவர் எழுந்து வேறு பெட்டிக்கே போனார். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தால் அல்ல. நான் என்ன தேடுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் புருஷன் வாங்க வேண்டிய அடியை வாங்குவதற்கு இன்னொருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் உயரமான ஒருவர் கடைக்கு வந்தார். போட்டிருந்த சப்பாத்து அளவில் சிறியது, பின்பக்கத்தை மிதித்துச் செருப்புப்போல இழுத்துக்கொண்டு நடந்தார். ஆங்கிலத்தில் பதின்மூன்று கேட்டார். எடுத்துவந்து கொடுத்தேன். காலை உள்ளே விட்டதும் தன்னை மறந்து "அப்பாடா" என்றார்.

"எவ்விடம் தம்பி?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும். "பருத்தித்துறைப் பக்கம். அக்கா தமிழோ?"

ஓம் என்றேன். அவருடைய கைகளைப் பார்த்தேன். சப்பாத்துக் கயிறு அந்த விரல்களுக்குள் நூல்போலக் கிடந்தது. "ஊரில ஏதும் விளையாடினனீங்களோ?"

"வொலிபோல் அடிச்சனான். பள்ளிக்கூட ரீமில இருந்தனான். ஏன் அக்கா?"

"ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்யிறனீங்கள்?"

அவர் முகம் சட்டென்று கவனமானது. "அக்கா, குறை நினையாதேங்கோ. நான் சேர்ச்சுக்கு எல்லாம் வாறேல்லை."

பல நாட்களுக்குப் பிறகு அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். சேர்ச் இல்லை, ஒரு விளையாட்டு என்று சொல்லி, எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அவர் ஒரு காலில் புதுச் சப்பாத்தும் மறு காலில் பழையதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக்களை முட்டிறதோ?"

"ஓம்."

"வேணுமெண்டே?"

"ஓம், அதுதான் விளையாட்டு."

"பேந்து சண்டை வராதோ?"

"வராது. முடிஞ்சதும் கைகுடுப்பினம்."

மற்றக் காலிலும் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். பாண் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை, ஏதோ ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் வேறு சிலரோடு இருக்கிறார், கலியாணம் முடித்த கையோடு புறப்பட்டு வந்தவர், மனைவி இன்னும் ஊரில். இதையெல்லாம் பிறகுதான் அறிந்தேன். அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஞாயிறெண்டால் அறைக்குள்ள படுத்துக் கிடந்து ஊர் நியூஸ் கேக்கிறதுதான் அக்கா. கேக்கக் கேக்க விசர் பிடிக்குது. வந்து பாக்கிறன்."

என் கணவருடைய தலையில் அடிபட்டதையும் அவருக்குச் சொன்னேன். சொல்லாமல் கூட்டிப்போக மனம் வரவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப அண்ணை வெளியில இருக்கட்டும், நான் பாக்கிறன்" என்றார், பஸ்ஸில் இடம் விடுவது போல.

முதல் நாள் பயிற்சியாளர் எறிந்த பந்தை அவர் ஒற்றைக் கையால் பிடித்தார். பயிற்சியாளர் இன்னும் தூரமாக எறிந்தார். அதையும் பிடித்தார். முட்டுவதில்தான் சிக்கல். யாரை முட்டினாலும் உடனே குனிந்து "சொறி, சொறி" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். மைதானமே சிரித்தது.

"சாரி சொல்லாத தம்பி," என்றார் என் கணவர். "இடிச்சுட்டு சாரி கேட்டா அவன் குழம்பிடுவான்."

"குழம்பினால் நல்லதுதானே அண்ணை."

இருவருக்கும் மொழி ஒன்றுதான், ஆனால் பாதிப் பேச்சு மற்றவருக்கு விளங்காது. தம்பி வேகமாக ஓடச் சொல்லி "கெதியா, கெதியா" என்று கத்துவார். என் கணவர் நின்று திரும்பி, "என்ன கதி? யாருக்கு என்ன கதி?" என்பார். பயிற்சி முடிந்ததும் தம்பி சேற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, புட்டுச் சாப்பிட்டு, ஊரிலிருக்கும் மனைவியைப் பற்றி எங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டுப் போவார். சாப்பிடும்போது என் கணவர் உப்பு, மிளகாய்த் தூள் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருப்பார். தலைவலி இல்லாத நாட்கள் அவை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வலி இருந்திருக்கிறது, சொல்லவில்லை. குளியலறை அலுமாரியில் மாத்திரைப் பெட்டிகள் கெதியாகக் காலியாகிக்கொண்டிருந்தன.

நான் அந்த வாரங்களில் கிட்டத்தட்ட நிம்மதியாக இருந்தேன். ஆள் கிடைத்துவிட்டது.

ஏப்ரலில் முதல் ஆட்டத்தன்று காலை எழுந்து கீழே வந்தபோது என் கணவர் கூடத்தில் குந்தியிருந்து தோள் கவசத்தைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன?" என்றேன்.

"இன்னைக்கு மேட்ச் லா."

"ஆள் கிடைச்சால் நிப்பாட்டிறன் எண்டனீங்கள்."

"பேக்கப் கிடைச்சா நிம்மதியா ஆடலாம்னு அர்த்தம். எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவன் இருக்கான். பேக்கப்னா என்ன? முதல் ஆள் ஒருத்தன் இருக்கணும். அப்பதான் அவன் பேக்கப்."

"சத்தியம் பண்ணினனீங்கள்."

"அவன் இன்னும் ரெடி இல்ல. ரெண்டு மேட்ச் பாக்கட்டும்."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தான் சொன்னது இதுதான் என்று உண்மையாகவே நம்பினார். மங்கலான அந்தக் காலையில் நாங்கள் இருவரும் ஒரே சொல்லை வேறு வேறாகக் கேட்டிருந்தோம் என்று எடுத்துக்கொள்வதா, அல்லது அன்று பேசியதில் பாதி அவருக்கு நினைவில்லையா? நான் கதவை மறித்து நின்றேன். அவர் என்னை மெல்லத் தோளில் பிடித்து நகர்த்திவிட்டுப் போனார்.

முதல் ஆட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஒருமுறை விழுந்து மெதுவாக எழுந்தார். நான் எல்லைக்கோட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மாற்று ஆள் என் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி நின்றார். தம்பி இன்னும் பழக வேண்டும் என்று பயிற்சியாளரும் நினைத்து அவரை அவ்வப்போது மட்டும் உள்ளே அனுப்பினார், என் கணவர் உடனே கையைக் காட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தான் உள்ளே போனார். "அண்ணை பந்தைப் பாக்கேல்லை அக்கா," என்றார் அவர் ஒருதடவை. "பந்து வந்தாப் பிறகுதான் பாக்கிறார்."

மூன்றாவது ஆட்டம் மே மாதத்தில். வானம் இருண்டு, மழைக்கு முந்திய காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் உடம்பைச் சூடாக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மாற்று ஆளைத் தனியே கூப்பிட்டுக் கையை அசைத்து ஏதோ விளக்கினார். கொஞ்சம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு தடவையும். அதன்பின் அந்தத் தம்பி நேராகப் பயிற்சியாளரிடம் நடந்துபோவதைப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. அவர் சொன்னது எனக்குக் கேட்டது. இன்று அவர் விளையாடக் கூடாது, நான் விளையாடுகிறேன், இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன். இதைத் துண்டு துண்டான சொற்களில், தாழ்ந்த குரலில், இரண்டுமுறை சொன்னார்.

பயிற்சியாளர் என் கணவரைக் கூப்பிட்டார். சாதாரணமாக, போன ஆட்டம் யாரோடு என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு விடை வரவில்லை. பயிற்சியாளர் கையை நீட்டி அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போல அவ்வளவு பக்குவமாக வாங்கினார்.

என் கணவர் தம்பியிடம் திரும்பினார்.

"உன்ன கூட்டிட்டு வந்தது என் பொண்டாட்டி. என் வீட்ல உக்காந்து சாப்ட்ட. இப்ப என் இடத்துக்கே வந்து நிக்கிறியா?"

"அண்ணை, இடம் உங்கடைதான். இண்டைக்கு மட்டும் நான் நிக்கிறன்."

"போடா."

அவர் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் நடுவில் நின்றேன், காருக்கும் மைதானத்துக்கும் இடையில். தம்பி உள்ளே போய் என் கணவருடைய இடத்தில் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். மழை தொடங்கியது. எங்கள் அணி தோற்றதென்று பிறகு அறிந்தேன். அவர் முட்டினார், விழுந்தார், எழுந்தார், யாரிடமும் சொறி சொல்லவில்லை. நான் முழுவதையும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு என் கணவர் அந்த மைதானத்துக்குப் போகவில்லை. நான் விரும்பியது நடந்தது. ஆனால் வீட்டில் இருந்தவர் நான் வீட்டில் இருக்கச் சொன்ன மனிதர் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் திரையை மூடிக்கொண்டு கட்டிலில் கிடப்பார். பாத்திரம் விழுந்தால் கத்துவார், பிறகு கத்தியதற்காக என் காலடியில் வந்து உட்கார்ந்து அழுவார். அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "நீதானே அவன கொண்டு வந்த" என்று ஒருநாள் சொன்னார். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூன் மாதத்தில் தம்பி ஒரு பை திராட்சைப் பழத்தோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். மேல்மாடியில் கட்டில் கிறீச்சிட்டது, ஆனால் என் கணவர் இறங்கி வரவில்லை. நான் படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன். தம்பி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கையில் ஒரு பெரிய காயம், பொருக்கு கட்டியிருந்தது.

"நோகுதோ?" என்றேன்.

"இல்லை அக்கா. இது நல்ல நோ." பிறகு, "அண்ணைக்குக் கோவம் ஆறட்டும். நான் பேந்து வாறன்" என்று எழுந்தார். வாசலில் சப்பாத்தைப் போடும்போது, "அவர் எனக்கு மூண்டாந் தரமும் முதல் தரம் போலவே சொல்லித்தந்தவர் அக்கா. ஒரு சொல்லும் மாறேல்லை. அதாலதான் எனக்குப் பயம் வந்தது" என்றார்.

அவர் அந்தப் பருவம் முழுவதும் விளையாடினார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஷிப்ட் மாறி ஞாயிறும் வேலையாகிவிட்டதாம். பயிற்சியாளர் எனக்கு ஒருதடவை போன் எடுத்து, என் கணவருடைய நலம் கேட்டுவிட்டு, திரும்பவும் அந்த இடத்துக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். சிரிப்பதற்கு முயற்சி செய்தார். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஆட்கள் போதாமல் அந்த அணியே கலைந்தது.

என் கணவருக்குத் தலைவலி மெல்லக் குறைந்தது. மற்றது குறையவில்லை. வேலையில் லிஃப்டுகளைப் பார்க்கப் போகிறவரை அலுவலக மேசைக்கு மாற்றினார்கள், பிறகு வாரத்தில் சில நாட்கள் மட்டும் என்றார்கள். வண்டி ஓட்டுவதை அவராகவே விட்டார். பெரும்பாலான நாட்களில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகப் பேசுவார், சமைப்பார், ஈப்போவிலிருக்கும் தன் தம்பியோடு போனில் சிரிப்பார். இடைக்கிடை ஒரு துண்டு காணாமற்போகும். அது அந்த அடிகளால்தானா என்று நான் கேட்காத டொக்டர் இல்லை. இருக்கலாம் என்றார்கள். உறுதியாகச் சொன்னவர் எவருமில்லை.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் போயிருக்கும். ரொம்ஃபோர்ட் பக்கம் வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு சனிக்கிழமை காலை, பருத்தித்துறைத் தம்பியைக் கண்டோம். பலகை ஒன்றைக் காருக்குள் நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண், அளவில் பெரிய குளிர் அங்கிக்குள் கைகளை இழுத்து மறைத்துக்கொண்டு நின்றாள். அவருடைய மனைவி. வந்துசேர்ந்து அதிக காலம் ஆகியிருக்காது என்று அந்த அங்கியே சொல்லியது.

நான் நின்றுவிட்டேன். வேறு பக்கம் போவோமா என்று யோசித்தேன். அதற்குள் என் கணவர் என் கையை விட்டுவிட்டு வேகமாக நடந்தார். அவர் போய்ப் பலகையின் மறுமுனையைப் பிடித்தார்.

"டேய் தம்பி, எங்க லா ஆளையே காணோம்? டிரெய்னிங்குக்கு வர்றதே இல்ல?"

தம்பி பலகையைப் பிடித்தபடியே என் கணவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை.

"வாறன் அண்ணை," என்றார். "ஷிப்ட் ஒண்டு மாற இருக்கு. மாறினதும் வாறன்."

"வா. நீ இல்லாம பேக்கப்புக்கு ஆள் இல்ல."

"ஓம் அண்ணை."

இருவருமாகப் பலகையைச் சரித்து உள்ளே தள்ளினார்கள். என் கணவர் அவருடைய முதுகில் தட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கைகூப்பினார். தம்பி அவளிடம், "இந்த அண்ணைதான்" என்றார். அவள் எல்லாம் தெரிந்தவள்போலச் சிரித்தாள். அவர் வேறு என்ன சொல்லிவைத்திருந்தாரோ தெரியாது. கோபம் ஆறிவிட்டதா, அல்லது அந்த மே மாதத்து நாளே என் கணவருக்குள் இல்லாமற்போய்விட்டதா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கடைக்குள் நடக்கும்போது அவர் உற்சாகமாக இருந்தார்.

"பக்கத்துல நின்னது யாரு?" என்றார்.

"தம்பியின்ரை மனிசி."

"ஓ, கல்யாணம் ஆயிருச்சா அவனுக்கு?" என்றார். "சொல்லவே இல்ல பாரு."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேண்டிய பெயிண்ட் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினோம்.